கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தவன்

நானா,

உங்கள் படம் இடவலம் மாற்றி அச்சிடப்பட்டது. இது உறுதியாகிவிட்டது. சொன்னவர், படத்தை இப்போது வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைச் சீர்செய்யும் லெபனான் நாட்டுப் பெண்மணி. செவ்வாய்க்கிழமை அவருடைய மின்னஞ்சல் வந்தது. புதன்கிழமை நானே தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன். அதே கண்ணாடித் தகட்டிலிருந்து போட்ட வேறொரு பிரதி ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பிரதியில் குன்றின்மேல் இருக்கும் கோட்டை இடப்பக்கம். உங்கள் படத்தில் வலப்பக்கம். அந்தக் காலக் கடற்படை வரைபடம் அவர்கள் பிரதியோடுதான் ஒத்துப்போகிறது.

ஷார்ஜாவில் என் மேஜைமேல், நீங்கள் குடியிருந்த தொழிற்பேட்டைப் பகுதி முசஃபாவின் ஸ்டூடியோ ஒன்றின் உறை இருக்கிறது. புது அச்சின் மை வாசம் இன்னும் போகவில்லை. அது எப்படி இங்கே வந்தது என்பதை வரிசையாகவே சொல்கிறேன். நடுவில் ஆரம்பிக்கும் செய்தி உங்களுக்குப் பிடிக்காது.

படத்தை நீங்கள் வாங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோஹார் துறைமுக விரிவாக்கம் பற்றி எழுத ஓமானுக்கு நம் இருவரையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். நான் நிருபர், நீங்கள் உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிட்ட புகைப்படப் பிரிவின் ஆசிரியர், ஆனாலும் கேமராவைக் கீழே வைக்க மனம் வராதவர். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் சோபாவும் மின்விசிறியும் பாத்திரங்களும் பரப்பி வைத்திருந்தார்கள். வயதான ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் ஊருக்கே திரும்புகிறார், எல்லாவற்றையும் விற்கிறார். அண்ணி வாஷிங் மெஷின் வாங்கி வரச் சொல்லியிருந்தார். வாசலில் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. நீங்கள் அதன்மேல் சாய்த்து வைத்திருந்த படச்சட்டத்தைத்தான் தூக்கினீர்கள்.

"மெஷின் என்னாச்சு நானா?"

"அது எங்க வேணும்னாலும் கெடைக்கும். இதப் பாருங்கனி."

கிரிமியப் போர்க் காலத்தில் கருங்கடலோரத்தில் ஒரு சிறு துறைமுகம் என்று பொறியாளர் சொன்னார். அவருடைய தாத்தா வீட்டிலிருந்து வந்த படம். காகிதம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே குறுகலான நீர். அதில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கப்பல்கள். பாய்மரங்கள் இலையுதிர்ந்த காடு மாதிரி. வலப்பக்கக் குன்றின்மேல் சிதைந்த கோட்டை. முன்னால் கல் பாவிய கரை. அதில் பீப்பாய்கள், பலகைகள், கயிற்றுச் சுருள்கள். ஒரு சுருளின்மேல் ஒரு மனிதன்.

ஒரே ஒரு மனிதன். போர் நடக்கிற துறைமுகம், கரையெல்லாம் சரக்கு, இறக்கியவர்கள் எங்கே? பார்டர் தாண்டி வரும்வரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்டீரிங்கில் கைவைத்தபடி பொறுமையாக விளக்கினீர்கள். அந்தக் காலத் தகட்டுக்கு ஒளி போதாது. லென்ஸை மூடியிருக்கும் தொப்பியைக் கழற்றிச் சில விநாடி காத்திருந்து மறுபடி மூட வேண்டும். அதற்குள் நகர்ந்தவர்கள் தகட்டில் பதிய மாட்டார்கள். பதிந்தாலும் புகைபோலத்தான் தெரிவார்கள்.

"எல்லாரும் இருந்தாங்க. மூட்டை தூக்குனவன், தள்ளுவண்டி இழுத்தவன், கத்துனவன், எல்லாரும். டூட்டி பாத்தவன் பூரா அழிஞ்சு போயிட்டான். சும்மா உக்காந்தவன் ஒருத்தன்தான் மிச்சம். முசஃபாவுல எவனாவது அப்படி உக்கார முடியுமா சொல்லு? ஃபோர்மேன் விட்டுடுவானா?"

வீட்டுக்குப் போனதும் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. வாஷிங் மெஷின் வர வேண்டிய இடத்தில் துறைமுகம் வந்து நின்றதை அண்ணி ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. துணி துவைக்கும்போதெல்லாம் கூடத்துச் சுவரைப் பார்த்து, "கப்பல்ல தண்ணி நெறய இருக்கு, அங்க போயி அலசுங்க" என்பார்.

படத்தில் உங்களுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. லேசான மங்கல். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய தகட்டுல எடுத்த படம், ஊசி மாதிரி இருக்கணும். ஏதோ இடிக்குது" என்பீர்கள். படம் எடுத்தவருக்குக் குளிரில் கை நடுங்கியிருக்கும் என்று முடிவு கட்டினீர்கள். கேமராவை முக்காலியில் வைத்துத்தானே எடுத்திருப்பார் என்று நான் கேட்டதற்கு, "முக்காலிக்கும் குளிரும்ய்யா" என்றீர்கள்.

இடித்தது எது என்று இப்போது தெரிகிறது. அச்சிடும்போது கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்துவிட்டார்கள். படம் பதிந்த படலம் இருக்கும் பக்கம் காகிதத்தைத் தொட வேண்டும். அதற்குப் பதில் வெறும் கண்ணாடிப் பக்கம் தொட்டிருக்கிறது. அதனால் இடம் வலமாகிவிட்டது; நடுவில் புகுந்த கண்ணாடியின் கனத்தால் கூர்மையும் குறைந்துவிட்டது. இரண்டும் ஒரே தவறின் விளைவு. நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். மற்றதை விட்டுவிட்டீர்கள்.

அதுவும் நீங்கள்! இதைக் கேட்டால் நம் அலுவலகத்தின் பழைய ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முசஃபா வெல்டர் படம் நினைவிருக்கிறதா? உச்சி வெயிலில் வெளிவேலைக்குத் தடை உள்ள நேரம் பற்றிய என் செய்திக்காக எடுத்தது. தலைப்பைப் பார்த்தபடி அந்த ஆள் இருந்தால் பக்கம் அழகாக இருக்கும் என்று பக்கம் அமைத்த பையன் படத்தை இடவலம் புரட்டிவிட்டான். அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில் நீங்கள் மாதிரித் தாளைத் தூக்கிக்கொண்டு அவன் மேஜைக்குப் போனீர்கள்.

"தம்பி, இந்த ஆளு வலப்பக்கம் பாக்கெட் வச்ச சட்டைய எங்க வாங்குனான்னு கேட்டுச் சொல்லு. நானும் ஒண்ணு வாங்கணும்."

அந்தப் பையன் படத்தை மறுபடி நேராக்கினான். நீங்கள் அதோடு விடவில்லை. படத்துக்குக் கீழே 'முசஃபாவில் ஒரு தொழிலாளி' என்றிருந்தது. படம் எடுத்தவரைக் கூப்பிட்டீர்கள்.

"பேர் கேட்டியா?"

"இல்ல சார், அவன் வேலையில இருந்தான்."

"அவன் கையில இருக்கிற மெஷினுக்குக் கம்பெனி பேர், மாடல் நம்பர் எல்லாம் படத்துல படிக்க முடியுது. மனுஷனுக்கு மட்டும் 'ஒரு'வா? யல்லா, போய்க் கேட்டுட்டு வா."

அவர் மறுபடி முசஃபாவுக்கு வண்டி ஓட்டினார். நானும் கூடப் போனேன். பண்ருட்டி முருகேசன். பெயரைச் சொல்லிவிட்டு, "எதுக்கு சார், ஏதும் பிரச்சனையா?" என்று அவர் பயந்தது வேறு கதை. பக்கம் தாமதமாகத்தான் போனது. ஆனால் பாக்கெட் இடப்பக்கம் இருந்தது, பெயரும் இருந்தது.

இப்படிப்பட்ட நீங்கள் எப்படித் தவறவிட்டீர்கள் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். விடை படத்திலேயே இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் பாக்கெட் இல்லை. கப்பல்கள் பக்கவாட்டில் நிற்பதால் படிக்கக்கூடிய பெயர்ப்பலகை ஒன்றுகூட இல்லை. இடது வலது சொல்லித் தருகிற எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை வைத்துத்தான் நாம் இத்தனை வருடம் சண்டை போட்டோம்.

கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருப்பவன் மேலே தடித்த கம்பளிச் சட்டை போட்டிருக்கிறான். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு துணி. துணியின் மேல்நுனி ஒரு பக்கமாக வந்து இடுப்பில் செருகியிருக்கிறது. உருப்பெருக்கியில் முதல் தடவை பார்த்ததுமே நீங்கள் அறிவித்துவிட்டீர்கள்: "இது நம்ம ஊர் ஆளு. கப்பல்ல வேலை பாக்க வந்த லஸ்கர். அதுலயும் எங்க ஆளு. செருகு இடப்பக்கம் இருக்கு பாரு."

நாகூரில் பிறந்தவர் நீங்கள். அடுத்த ஊரான நாகப்பட்டினத்தில் பிறந்தவன் நான். நம் பக்கத்தில் கைலியை உங்கள் ஆட்கள் இடப்பக்கம் செருகுவார்கள், வேட்டியை எங்கள் ஆட்கள் வலப்பக்கம் என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் பார்த்துக் கட்டுவதில்லை. ஆனாலும் தொழிலாளர் கேம்ப் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்களைக் காரில் இருந்தபடியே பார்த்து, "அவன் உங்க ஆளு, இவன் எங்க ஆளு" என்று நீங்கள் சொல்ல, இறங்கிப் போய் விசாரித்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது கோணிச் சாக்காக இருக்கலாம் என்றேன். "சாக்க எவனாவது கொசுவி இடுப்புல செருகுவானா?" என்றீர்கள். துருக்கிக்காரனாக இருக்கலாம், மால்டாக்காரனாக இருக்கலாம், செருகுகிற வழக்கம் அந்தக் காலத்திலும் இதே மாதிரி இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றேன். அதற்குப் பிறகுதான், எதற்கும் ஆதாரம் கேட்கிறவன் என்று எனக்கு 'சோர்ஸு' என்று பெயர் வைத்தீர்கள். வீட்டுக்குள் நுழையும்போதே கூடத்திலிருந்து குரல் வரும்: "என்னாங்கனி சோர்ஸு, கன்ஃபர்ம் ஆயிடுச்சா? எங்க ஆளு உன்னப் பாத்து சிரிக்கிறான்."

உறுதியாகாததை எழுத முடியாது என்பேன். எழுதச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன் என்பீர்கள். நோன்பு மாதத்தில் அண்ணி கஞ்சி ஊற்றிக் கொடுக்கும்போதும் இதே பேச்சு. இரண்டு பேரையும் ஒருசேரப் பார்த்து அவர் ஒருநாள் சொன்னார்: "அந்த மனுஷன் எந்திரிச்சு நான் யார்னு சொல்லிட்டாக்கூட நீங்க ரெண்டு பேரும் நம்ப மாட்டீங்க."

போன வருடம் மருத்துவமனையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மூச்சுக் குழாயை நகர்த்திவிட்டுக் கேட்டீர்கள். "அந்த ஆளுக்குப் பேர் கேட்டுட்டு வாய்யா." யாரென்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியும் கேட்கவில்லை.

உங்களைப் பனியாஸ் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். உங்களுக்குப் பிறகு அண்ணிக்குக் கொடுத்த ஓராண்டு விசா இப்போது முடிகிறது. வருகிற வியாழக்கிழமை அவர் நாகூருக்குப் போகிறார். இனித் திரும்பி வருவதற்கில்லை. கார்கோ பெட்டிகளில் வீடு ஏறிக்கொண்டிருந்தபோது, படத்தை மட்டும் பெட்டியில் போட அவருக்கு மனம் வரவில்லை. ஊர் உப்புக் காற்றில் அது உதிர்ந்துவிடும் என்று பயந்தார். நான்தான் காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். வளைகுடாவிலும் மற்ற கடல்களிலும் இருந்த பழைய துறைமுகங்களின் படங்களைச் சேர்த்து நவம்பரில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார்கள். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டும்.

காப்பகம் அனுப்பிய முதல் வரைவில் கப்பல்கள் இருந்தன. போர் இருந்தது. அச்சு முறை இருந்தது. அவன் இல்லை. கேட்டதற்கு, உறுதியானதை மட்டுமே எழுதுவது எங்கள் வழக்கம் என்று பதில் வந்தது. என் தொழிலின் வழக்கமும் அதுதான்.

அண்ணியின் கேள்வி அதைவிட நேரானது. "இவ்வளவு பேர் வந்து பாப்பாங்க. கப்பலுக்கெல்லாம் எழுதிட்டு இவன மட்டும் வுட்டா, அவுஹ இருந்தா சும்மா இருப்பாஹளா?"

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. படம் இடவலம் மாறியது என்றால் செருகும் மாறியது. உண்மையில் அந்தத் துணி வலப்பக்கம்தான் செருகப்பட்டிருந்தது. உங்கள் ஒரே ஆதாரம் போய்விட்டது. அதே வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அவன் இப்போது என் பக்கத்து ஆள். இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று ஷார்ஜாவிலிருந்து முசஃபா ஷாபியாவில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். தொலைபேசியில் சொல்ல மனமில்லை. வெள்ளிக்கிழமை மதியம் போனேன்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒட்டுநாடா வாசம். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு நிறம் மங்காமல் கட்டமாகத் தெரிந்தது. அண்ணி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டார். கண்ணாடித் தகடு, கோட்டை, வரைபடம், எல்லாவற்றையும் சொன்னேன். செருகு விஷயத்தைக் கடைசியில் சொன்னேன். அவர் அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அவன் எங்க ஆளு இல்லையா?"

"இந்தக் கணக்குப்படி எங்க ஆளு அண்ணி. ஆனா இந்தக் கணக்கே சரியான்னு இன்னும் தெரியாது."

"உங்க ஆளா?" அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் ஒரு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. "இத்தன வருஷமா எங்க ஊட்டு செவத்துல ஓசியில குடியிருந்தானே! ஏசி வேற போட்டு வுட்டோம். வாடகைய யாருகிட்ட கேக்குறது, உங்ககிட்டயா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவுஹ இருந்திருந்தா இன்னைக்கு ஊடு ரெண்டு பட்டிருக்கும்" என்றார். உண்மைதான். தகட்டைப் புரட்டி வைத்த அந்த மனிதரை நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். பிறகு சத்தமெல்லாம் அடங்கி, "சரி, உங்க ஆளுன்னே வச்சுக்க. பேர் என்னா, சொல்லு பாப்போம்?" என்று என்னையே மடக்கியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்டிருக்கக்கூடிய அந்தக் கேள்வியை வைத்துத்தான் அங்கிருந்தபடியே தொலைபேசியில் காப்பகத்துப் பெண்மணியிடம் பேசினேன். பெயர் தெரியாது என்பது உறுதியான தகவல்தானே? அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதும் உறுதிதானே? உறுதியானதை மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் எழுதலாமே? அவர் ஆங்கிலத்தில் ஒரு வரியைச் சொல்லி, அது சரியாக இருக்குமா என்று கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முன்புறம் அமர்ந்திருப்பவரின் பெயரும் ஊரும் தேடப்பட்டு வருகின்றன.' நான் மொழிபெயர்த்ததும் அண்ணி தலையசைத்தார். "அது போதும். கேட்டிருக்கோம்னு தெரியணும், அவ்வளவுதான்."

அண்ணி ஊருக்குக் கொண்டுபோக ஒரு நகல் வேண்டுமென்றார். காப்பகம் கொடுத்த கோப்பை என் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இருவரும் கீழே இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனோம். கடையில் இருந்தது ஒரு மலையாளி இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "சார், உள்ள மாதிரியே போடணோ, திருப்பிப் போடணோ?"

நான் அண்ணியைப் பார்த்தேன். நீங்கள் தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்த படம், பார்த்த மாதிரியே இருக்கட்டும் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் அதையே கேட்டிருப்பேன்.

"திருப்பி, சரியா போடுங்க" என்றார் அண்ணி. "தப்பா போட்ட படத்த ஊட்டுல மாட்டி வச்சேன்னு தெரிஞ்சா, பனியாஸ்லேர்ந்தே சத்தம் போடுவாஹ."

இளைஞர் திரையில் படத்தைப் புரட்டினார். கோட்டை இடப்பக்கக் குன்றுக்குப் போனது. கப்பல்கள் எல்லாம் திசை மாறின. கயிற்றுச் சுருள்மேல் இருந்தவன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருடம் பழகிய உருவம் முதல்தடவை பார்ப்பது போல இருந்தது. உருப்பெருக்கியை நீட்டி, "இப்பப் பாரு" என்று சொல்ல நீங்கள் இல்லை. நானே குனிந்து பார்த்தேன். செருகு வலப்பக்கம்.

"எனக்கு இன்னொண்ணு வேணும்" என்றேன் அந்த இளைஞரிடம். "அதத் திருப்பாம போடுங்க."

அந்த உறைதான் மேஜைமேல் இருக்கிறது. ஆணி அடித்தாகிவிட்டது. சட்டம் நாளை வரும்.

தெரிந்தது இவ்வளவு. தெரியாதது நிறைய. அந்தப் போருக்குத் துருப்பும் சரக்கும் ஏற்றிய வாடகைக் கப்பல்களில் நம் கரை ஆட்கள் வேலை பார்த்தார்களா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார்; இந்தக் கப்பல்களில் இருந்தார்கள் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் பிரதி சரியாக அச்சிட்டது என்பதால் உங்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கும். அதைப் பெரிதாக்கிய நகல் அக்டோபர் கடைசிக்குள் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். துணியா சாக்கா என்பது அப்போது தெரியலாம். முகமும் தெரியலாம். பெயர் தெரியப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். படத்துக்குக் கீழே போகும் அந்த ஒரு வரிக்குக் காப்பக இயக்குநர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். அண்ணி விமானம் ஏறுவதற்குள் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமைக்குப் பிறகு நாகூரில் உங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் ஆள் உட்கார்ந்திருப்பான். ஷார்ஜாவில் என் சுவரில் உங்கள் ஆள். அக்டோபர் வரை நான் அவனிடம் வாடகை கேட்கப் போவதில்லை.